பாத்திரம் பார்க்கிற கண்ணால் கத்தி பார்க்கக் கூடாது

சேலத்துக்காரர்களுக்குப் பாத்திரம் வாங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைக்குள் நுழைந்தால் என் மாமியார் முதலில் குண்டாவைத் தூக்கிக் கனம் பார்ப்பார். அப்புறம் விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார். கடைசியில் சுருக்குப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் குண்டாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அவரிடம் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். இன்றைக்கும் பாத்திரம் வாங்கினால் இப்படித்தான் பார்க்கிறேன்.

அதே கடையில் ஓரமாக அட்டையில் மாட்டியிருக்கும் சின்னக் கத்தியையும் நாங்கள் இப்படியே பார்த்து வாங்கிக்கொண்டிருந்தோம். கனமாக இருக்கிறதா, தடிமனாக இருக்கிறதா, பளபளவென்று இருக்கிறதா, காந்தம் ஒட்டாமல் இருக்கிறதா. அப்படி வாங்கிய கத்தி ஒவ்வொன்றும் ஒரே மாதத்தில் மொக்கையாகி, கவர் பிரிக்கவும் டப்பா மூடி நெம்பவும் போய்ச் சேர்ந்தது. பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது: நாங்கள் கேட்ட கேள்விகளே தப்பு. பாத்திரத்தில் நாம் தேடுகிற நல்ல குணங்கள் பெரும்பாலும் கத்திக்கு ஆகாதவை.

நான் சொல்வது தோல் சீவ, காம்பு நறுக்க, உருளைக்கிழங்கில் கண் எடுக்க, பழம் கீற வைத்திருக்கும் சின்னக் கத்தியை. தேங்காய் உடைக்கிற வெட்டுக்கத்தியையோ, மேடையில் வைத்து நறுக்குகிற பெரிய கத்தியையோ அல்ல. சித்திரையில் சின்னக்கடை வீதிக்கு மாங்காய் வந்து இறங்கியதும் எங்கள் வீட்டில் தொக்குக்கு மட்டும் முப்பது கிலோ தோல் சீவுவோம். இரண்டு நாள் விடாமல் சீவினால் ஒரு கத்தியின் நல்லது கெட்டது எல்லாம் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும்.

காந்தம் ஒட்டத்தான் வேண்டும்

எல்லாத் தவறிலும் பெரியது இந்தக் காந்தக் கணக்குதான்.

நல்ல பாத்திரத்தின் அடியில் 304 என்றோ 18/8 என்றோ அச்சு இருக்கும். நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்று அர்த்தம். குரோமியம் துருவைத் தடுக்கிறது. நிக்கல் சேர்வதால் அந்த எஃகின் உள் அமைப்பே மாறிவிடுகிறது, அதனால்தான் காந்தம் ஒட்டுவதில்லை. புளிக்குழம்பு வைத்தாலும் தயிர் உறை ஊற்றினாலும் அது அசையாது. பாத்திரத்துக்கு இதைவிட நல்ல உலோகம் தேட வேண்டாம்.

ஆனால் அந்த உலோகத்தைக் காய்ச்சி இறுக வைக்க முடியாது. கொல்லுப் பட்டறையில் அருவாளைப் பழுக்கக் காய்ச்சி, சொர்ரென்று தண்ணீரில் விட்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு இறுகுவது அந்த நொடியில்தான். 304 எஃகை எத்தனை தரம் காய்ச்சி முக்கினாலும் அந்த இறுக்கம் வராது. இறுகாத உலோகத்தில் கூர் வைக்கலாம், நிற்காது. ஒரு வேளை சமையலுக்கு வெண்டைக்காய் நறுக்குவதற்குள் வாய் மடங்கிப் போகும்.

கத்திக்கு வேண்டிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு சாதி. அதில் நிக்கல் கிட்டத்தட்ட இருக்காது. குரோமியம் 13 முதல் 15 சதவீதம், அதோடு கார்பன் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்தத் துளிக் கார்பன்தான் எல்லா வேலையும் செய்கிறது. ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் எஃகு இறுகுகிறது. பிறகு மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, உடைந்து போகாத பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த எஃகில் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆக, கத்தியில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அதைக் கீழே வைத்துவிடலாம். மாமியாரின் விதி அப்படியே தலைகீழ்.

ஒட்டிவிட்டாலே நல்ல கத்தி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு ரூபாய்க் காசைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டும். அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை, கார்பன் மிகக் குறைவு. அதையும் காய்ச்சி இறுக வைக்க முடியாது. கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் நம் உருக்காலையிலேயே காசுக்கு வில்லை வெட்டும் பிரிவு இருக்கிறது. பாத்திரத்துக்கு ஓர் எஃகு, காசுக்கு ஓர் எஃகு, கத்திக்கு ஓர் எஃகு. மூன்றையும் ‘எவர்சில்வர்’ என்ற ஒரே பேரில்தான் சொல்கிறோம், அதில்தான் நாம் தடுக்கி விழுகிறோம். கஞ்சமலைக் கல்லிலேயே காந்தம் ஒட்டும். அங்கே இருப்பது மேக்னடைட் தாது. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பியிருந்தார். இரும்போடு இத்தனை காலப் பழக்கம் உள்ள ஊரில், கத்தி வாங்கும்போது மட்டும் எஃகைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு மனத்தாங்கல்: “எவர்சில்வர்னு சொல்லிக் குடுத்தாங்க, ஒரே வாரத்துல துரு புள்ளி வந்துருச்சு, ஏமாத்திட்டாங்க.” என் அண்ணியும் இதையே சொன்னார். ஏமாற்று இல்லை. இறுகுவதற்காகக் கார்பன் சேர்த்து நிக்கலை விட்டுவிட்ட எஃகு, துருவைத் தாங்குவதில் பாத்திர எஃகுக்குக் கீழேதான் நிற்கும். எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிட்டு, உப்பும் சாறும் படிந்த கத்தியை ராத்திரி முழுக்கத் தொட்டியில் போட்டு வைத்தால் ஊசிமுனை போலப் புள்ளி விழத்தான் செய்யும். நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து வைத்தால் வராது. புள்ளி வந்துவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துணியால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

கனமும் தடிமனும்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் அத்தை வீடு. வீட்டைச் சுற்றிக் காபி, நடுநடுவே மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பின்னால் சௌசௌ பந்தல், இரண்டு பேரி மரம். ஒரு தடவை நான் ஆசையாக ஒரு கத்தி வாங்கிக்கொண்டு போனேன். நல்ல கனம், முதுகு தடிமன், பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அத்தை ஒரு கேரட்டை எடுத்துக் குறுக்கே வைத்து அழுத்தினார். பாதி தூரம் போனதும் கேரட் டப்பென்று பிளந்து ஒரு துண்டு அடுப்பு மேடைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அத்தை அதை எடுத்து என்னிடம் காட்டினார். மேல் பாதியில் வெட்டு வழவழப்பாக இருந்தது, கீழ்ப் பாதி சொரசொரவென்று உடைந்திருந்தது.

“இது அறுக்கலை கண்ணு. ஆப்பு வெச்சுப் பொளந்திருக்கு” என்றார்.

கத்தியின் தடிமன் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே அந்த ஒரு துண்டில் இருக்கிறது. வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், அதன் பின்னாலேயே எஃகு சட்டென்று பருத்தால் கத்தி விறகில் இறங்கும் ஆப்பு போலத்தான் நடந்துகொள்ளும். கேரட், பீட்ரூட், கெட்டியான மாங்காய் எல்லாம் அறுபடாமல் விரியும். அப்புறம் அத்தை தன் கத்தியால் அதே கேரட்டை நறுக்கினார். சத்தமே இல்லை. துண்டு இருந்த இடத்திலேயே சாய்ந்தது.

சின்னக் கத்தியின் முதுகு ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசின் தடிமன் இருந்தால் போதும், ஒன்றரை மில்லிமீட்டர். கடையில் காசை முதுகோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பிறகு கத்தியைக் கண்ணுக்கு நேராக, முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து, முதுகிலிருந்து வாய் வரை எப்படி மெலிகிறது என்று பாருங்கள். சீராக மெலிய வேண்டும். முக்கால் தூரம் ஒரே தடிமனாக வந்து, கடைசியில் மட்டும் சாணையில் சரித்து விட்டிருந்தால் வேண்டாம். ஏற்காடு ஏரி ஓரத்தில் மாங்காயும் கொய்யாவும் கீறி மிளகாய்த்தூள் தடவித் தருகிறவர்கள் கையில் இருக்கும் கத்தியை அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். தேய்ந்து தேய்ந்து ஓலை மாதிரி மெலிந்திருக்கும். நாள் முழுக்க நறுக்குகிறவர்கள் தடிக் கத்தியை வைத்துக்கொள்வதில்லை.

நீளம் மூன்று அங்குலத்திலிருந்து நான்கு. கணக்கு வேண்டாமென்றால் உங்கள் ஆள்காட்டி விரல் நீளம். “பெருசா இருந்தா ரெண்டு வேலைக்கும் ஆகும்” என்று ஆறு அங்குலம் வாங்குகிறார்கள். ஆகாது. நம் வீடுகளில் இந்தக் கத்தியைப் பலகையில் வைத்து நறுக்குவது குறைவு. காயை இடது கையில் பிடித்து, கத்தியை வலது கையில் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலை எதிரே முட்டுக் கொடுத்து, பீன்ஸைப் பாத்திரத்துக்கு மேலேயே நறுக்கித் தள்ளுகிறோம். அருவாமனையில் உட்கார்ந்த பழக்கம் அது. அங்கே கத்தி நிற்க, காய் நகரும். கையில் பிடிக்கும்போதும் பாதி வேலையைக் காய் பிடித்த கைதான் செய்கிறது. அலகு நீண்டால் முனை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நீளக் கத்தியின் முனையால் கொட்டையைக் குத்தி எடுக்கப் போய், முனை வழுக்கி உள்ளங்கையில் இறங்கி நான்கு தையல். அந்தக் கொட்டையைக் குத்தி எடுக்கவே கூடாது. பழத்தை இரண்டாக்கிய பிறகு கரண்டியால் நெம்பினால் வந்துவிடும்.

கைப்பிடி, பல், வடிவம்

மாங்காய்ப் பால், பலாப் பிசின், சௌசௌ தோலிலிருந்து வரும் வழவழப்பு, நல்லெண்ணெய்: நம் சமையலறையில் கை காய்ந்திருப்பதே அபூர்வம். முழுக்க எவர்சில்வரில் வழுவழுவென்று வரும் கைப்பிடி கடையில் அழகாக இருக்கும், ஈரக் கையில் நழுவும். லேசான சொரசொரப்புள்ள பிளாஸ்டிக்கோ மரமோ நல்லது. கைப்பிடியில் நான்கு விரலும் அடங்க வேண்டும். சுண்டுவிரல் வெளியே தொங்கினால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். வாங்குகிறவரும் நறுக்குகிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தால், நறுக்குகிறவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள்.

எஃகு கைப்பிடியின் கடைசி வரை போக வேண்டும், மூன்று ஆணி அடித்திருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பெரிய கத்திக்கு அதில் நியாயம் உண்டு. இந்தச் சின்னதில் அவ்வளவு பாரம் விழுவதில்லை, பாதி தூரம் போயிருந்தாலும் ஆட்டம் இல்லாமல் இருந்தால் சரி. ஆணிக்கும் மரத்துக்கும் நடுவே இடுக்கு இருக்கிறதா என்று மட்டும் நகத்தால் கீறிப் பாருங்கள், அழுக்கும் ஈரமும் அங்கேதான் போய் உட்காரும்.

பல் வைத்த கத்தியை ஒரே கத்தியாக வாங்காதீர்கள். முதல் நாள் தக்காளியை அழகாக அறுக்கும். தோல் சீவினால் பிய்த்துக்கொண்டு வரும், மழுங்கினால் வீட்டில் தீட்ட வழியில்லை. பீங்கான் கத்தி கல் போலக் கடினம், கீழே விழுந்தால் கல் போலவே சில்லு தெறிக்கும். வாய் கிளி மூக்கு மாதிரி உள்வளைந்த கத்தி பழம் சீவ நன்றாக இருக்கும், ஆனால் தட்டையான கல்லில் தீட்ட வராது. முதல் கத்திக்கு நேரான வாய் போதும். ஐந்து கத்தி, கத்தரிக்கோல், ஸ்டாண்டு என்று செட்டாக வாங்கினால் அந்தப் பணம் ஏழாகப் பிரிந்து போகும், ஒன்றுகூட உருப்படியாக இருக்காது.

பட்டறையில் அடித்த கார்பன் எஃகுக் கத்தியை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தையுடையது அதுதான், கூர் ஏறுவதிலும் நிற்பதிலும் அதோடு போட்டியிட எங்கள் வீட்டில் வேறு கத்தி இல்லை. ஆனால் முழுக் கத்தியும் இரும்பும் துளிக் கார்பனும்தான், குரோமியம் கிடையாது. மாங்காய்ப் புளிப்பு பட்டால் கறுக்கும், அந்தக் கறுப்பு காயிலும் ஏறும். வாழைப்பூவும் வாழைக்காயும் இன்னும் மோசம், அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கிற கை இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன கத்தி எஃகுதான் சரி. ஒரு உதாரணம் கேட்டால், 1884-இல் தொடங்கிய சுவிட்சர்லாந்து நிறுவனமான விக்டோரினாக்ஸின் பிளாஸ்டிக் பிடி போட்ட சின்னக் கத்தி. கனமே இல்லை, அலகு மெல்லிசு, பார்வைக்கு விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும். அதன் எஃகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55, 56 என்ற நடுத்தரக் கடினத்தில் நிற்கிறது. 60-க்கு மேல் இறுகிய கத்திகளில் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் கொட்டையில் இடறினால் வாய் தெறிக்கும், தீட்டவும் நேரம் பிடிக்கும். வீட்டுக்கு நடுத்தரம்தான் தோது என்பது என் அனுபவம்.

வாங்கி வந்த பிறகு

“கடையிலே நல்லா அறுத்துச்சு” என்பதை நம்பாதீர்கள். எந்தக் கத்தியும் முதல் வாரம் அறுக்கும். மழுங்கிய பிறகு திரும்பக் கூர் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. பாத்திரம் வாங்கினால் துலக்குவதோடு சரி, கத்தி அப்படியல்ல. தீட்ட மாட்டேன் என்றால் நல்ல கத்தி வாங்குவதே வீண். மழுங்கிய கத்திதான் கையை அதிகம் வெட்டும், ஏனென்றால் அதை அழுத்தி நறுக்குவோம், அழுத்தும்போதுதான் வழுக்கும்.

1000 நம்பர் சாணைக்கல் ஒன்று போதும். கல்லைத் தண்ணீரில் நனைத்து, அலகு 2 சென்டிமீட்டர் அகலம் என்றால் முதுகை 5 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்து, அதே சரிவு மாறாமல் ஒரு பக்கம் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்து விளிம்பில் கட்டைவிரலைக் குறுக்கே வைத்து வெளிப்பக்கமாக இழுத்தால் மெல்லிய பிசிறு ஒன்று தட்டும். முனை முதல் அடி வரை அந்தப் பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம். கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு நாலு இழுப்பு, பிசிறு உதிர்ந்துவிடும். பழுத்த தக்காளியின் தோல் மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுங்கள். தோல் தானாகத் திறந்தால் வேலை முடிந்தது. கல் இல்லாத அவசரத்துக்குப் பீங்கான் கப்பைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடி விளிம்பில் தேய்க்கலாம். வாசப்படிக் கருங்கல் வேண்டாம், பல் பல்லாக வரும்.

சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்து வருகிற அண்ணனிடமும் தீட்டலாம், நானும் கொடுக்கிறேன். மெல்லிசுக் கத்தியைச் சக்கரத்தில் நெடுநேரம் அழுத்தினால் பொறி பறந்து வாய் சூடேறும். விளிம்பு நீலம் பூத்தால் அந்த இடத்தில் இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம். “லேசா, விட்டு விட்டுப் புடிங்கண்ணா” என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

இதே காரணத்தால்தான், நெய் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டப்பாவும் வெட்டக் கத்தியை அடுப்பில் காட்டுவதை விட வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு கத்தி அப்படித்தான் போனது. தீயில் சிவந்த முனையைப் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் ஒரு நாளைக்கு மேல் நிற்கவில்லை. எவர்சில்வர்த் தட்டிலோ கருங்கல் மேடையிலோ வைத்து நறுக்குவதும் கெடுதல்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் வாய் போய்க் கல்லில் மோதுகிறது. ஒரு மரப்பலகை வாங்குங்கள். கரண்டிகளோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், கூரும் போகும், தேடுகிற கையும் கிழியும். பழைய காலண்டர் அட்டையை மடித்து உறை செய்தால்கூடப் போதும்.

அத்தை கத்தியைக் கையிலிருந்து கைக்குத் தர மாட்டார். கொடுத்தால் சண்டை வரும் என்பார். கேட்டால் கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி பலகையில் வைத்து, தன் கையை எடுத்த பிறகு “எடுத்துக்க” என்பார். சண்டையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் வீட்டிலும் இப்போது அப்படித்தான், குழந்தைகள் உட்பட.